சுமலதா கொடுக்காத ரொட்டி

சாப்பிட மறுக்கிற பிள்ளை என்று உலகத்தில் எதுவும் கிடையாது, கொடுக்கத் தெரியாத பெரியவர்கள்தான் உண்டு என்பது சுமலதாவின் கட்சி. கூடலூரை அடுத்த ஓவேலிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொள்கிறவள் அவள். கொழுந்து எடுக்கப் போகிற பெண்கள் காலையில் கைக்குழந்தைகளையும் தத்தித் தத்தி நடக்கிறவைகளையும் அவளிடம் விட்டுவிட்டு மலையேறுவார்கள். வாசல் பலகையில் இங்கிலீஷில் என்னமோ எழுதியிருக்கிறது. தொழிலாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டிவிட்ட லயத்து வீடுகளில் இருப்பவர்களுக்கு அது பிள்ளைக் காம்பராதான். சிலோன் தோட்டங்களிலிருந்து கப்பலேறி வந்தபோது அவர்களோடு சேர்ந்து வந்த பெயர்.

கஞ்சியைத் துப்புகிற பிள்ளையிடம் சுமலதா கெஞ்ச மாட்டாள். "வேணாமா? சரி, யானை வரும், அதுக்கு வெச்சிடலாம்" என்று கிண்ணத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோவாள். ஓவேலியில் யானை வருவது வெறும் கதை இல்லை, பிள்ளைக்கும் அது தெரியும். வாய் தானாகத் திறந்துவிடும். உதட்டை இறுக்கிக்கொள்கிற ரகம் என்றால் இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒரு நடை போய்விட்டு வருவாள். திரும்பும்போது கிண்ணம் காலியாக இருக்கும். எப்படி என்று கேட்டால் சொல்ல மாட்டாள். பக்கத்து எஸ்டேட்டிலிருந்துகூட மெலிந்த பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அவளைத் தேடி வருவார்கள். கீழே முக்கில் பெட்டிக்கடை வைத்திருக்கிற அவள் கணவன் இசக்கிமுத்து, கடைக்கு வருகிறவர்களிடம் சொல்வான்: "எங்க ஊட்டுல நான் பசிக்குதுன்னு சொன்னதே கெடையாதுங்க. வாயத் தொறக்கறதுக்குள்ள தட்டு வந்துரும்."

அப்படிப்பட்டவளின் சொந்தத் தம்பிதான் பட்டினி கிடந்து சாகப் பார்த்தான்.

தம்பி மனோகரன். அவன் நடை பழகும்போதே அம்மா போய்விட்டாள். அப்போது பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு நின்றிருந்த சுமலதாவின் இடுப்பில்தான் வளர்ந்தான். கொழுகொழுவென்று வளர்ந்தான். பெரியவனாகி கவ்வாத்து வேலைக்குப் போனான். தேயிலைச் செடிகளை மட்டம் பார்த்து வெட்டிவிடுகிற வேலை. நல்ல வேலைக்காரன், நல்ல பாட்டுக்காரன். பாட்டு அப்பாவிடமிருந்து வந்தது. அப்பா காத்தமுத்துதான் அந்த லயத்தில் காமன் கூத்துக்கு வாத்தியார்.

மாசி மாதம் பிறந்தால் சிலோன்காரர்கள் இருக்கிற எஸ்டேட்டுகளில் காமன் கம்பம் ஊன்றுவார்கள். வளர்பிறை முழுக்க ராத்திரிகளில் கூத்து நடக்கும். பௌர்ணமியன்று சிவன் காமனை எரிப்பார், மூன்றாம் நாள் ரதி அழுது அவனை எழுப்புவாள். ரதி வேடம் ஆண்தான் கட்ட வேண்டும். வேடம் கட்டுகிறவர்களுக்கு மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றுக் காப்பு கட்டிவிட்டால், அதை அவிழ்க்கும் வரைக்கும் விரதம், ஒரு வேளைச் சாப்பாடு. விரதக்காரரை யாரும் சாப்பிடச் சொல்லி வற்புறுத்தக் கூடாது. வற்புறுத்தினால் பாவம் வற்புறுத்தினவருக்கு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மனோகரனுக்கு ரதி வேடம் என்று முடிவானபோது கூட வேலை செய்கிற பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "டேய், இது ரதியா, ரதியோட ஆத்தாளா?" என்றான் ஒருவன். மனோகரனும் கூடச் சேர்ந்து சிரித்தான். அன்றிலிருந்து சோற்றைக் குறைத்தான். காப்பு கட்டின பிறகு இன்னும் குறைத்தான். மூன்றாம் நாள் அவன் காமனுக்காக அழுத அழுகையில் லயமே சேர்ந்து அழுதது. யாரோ போனில் படமெடுத்து அனுப்ப, அது கூடலூர், கோத்தகிரி தாண்டி, கடல் தாண்டி, இன்னும் சிலோனிலேயே இருக்கிற சொந்தக்காரர்கள் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள்: அடேயப்பா, அந்த இடுப்பைப் பாரு.

கூத்து முடிந்தது, எல்லாரும் காப்பை அவிழ்த்தார்கள். மனோகரன் அவிழ்க்கவில்லை. அடுத்த மாசி வரைக்கும் வேண்டிக்கொண்டிருக்கிறேன் என்றான். காத்தமுத்துவுக்குப் பெருமை தாங்கவில்லை. "என் பொடியன் மாதிரி விரதம் புடிக்க இங்க எவனுக்கும் ஏலாது" என்று காண்கிறவரிடமெல்லாம் சொன்னார்.

சுமலதா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஊர்ப் பிள்ளைகளின் வாய்க்கெல்லாம் வழி தெரிந்தவள், தம்பியின் மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றைப் பார்த்ததும் தட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனாள். ஒரு வேளை அரை வேளை ஆயிற்று, அரை வேளை ஒரு வாழைப்பழமாயிற்று, கடைசியில் பாலும் சீனியும் இல்லாத பிளேன்டீயில் வந்து நின்றது. ஆச்சரியம் என்னவென்றால், அடுத்தவர்களுக்குச் சமைப்பதில் அவனுக்கு அவ்வளவு ஆசை. கோதுமை மாவில் தேங்காய் திருவிப்போட்டு, கல்லில் வாட்டி, லயம் முழுக்க ரொட்டி கொடுப்பான். எல்லாரும் தின்று முடிக்கிறவரைக்கும் பக்கத்தில் நின்று பார்ப்பான். தான் ஒரு விள்ளல் வாயில் வைக்க மாட்டான்.

மழை பிடித்த பிறகு பேச்சும் போயிற்று. கவ்வாத்துக் கத்தியை எடுக்கவில்லை. ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தான். அடுத்த மாசியும் வந்தது. ரதி கட்ட எழுந்திருக்கவில்லை. காப்பை அவிழ்க்கலாமா என்று கேட்டால் அழுதான். "சாமி உள்ள எறங்கியிருக்கு" என்றார்கள் சிலர். நான் இருந்து என்ன ஆகப்போகிறது என்று அவன் ஒருநாள் சுவரிடம் சொன்னதைச் சுமலதா கேட்டாள். மறுநாள் தண்ணிக் குழாய்க்குப் போகிற வழியில் அவன் சுருண்டு விழுந்தான். ஓடிப்போய்த் தூக்கினாள். தூக்கிய வேகத்தில் பின்பக்கம் சாய்ந்துவிட்டாள், அவ்வளவு லேசாக இருந்தான். பிள்ளைக் காம்பராவில் தினமும் தூக்கி இறக்குகிற கை அது. கை சொன்னது: இது விரதம் இல்லை.

கூடலூரில் பார்த்துவிட்டு, அங்கிருந்து வண்டியில் ஊட்டிக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த பெரிய ஆஸ்பத்திரியில் அவனைப் பார்த்தவர் ஸ்ரீமதி என்கிற மனநல டாக்டர், கோயம்புத்தூர்க்காரர். முதலில் ரத்தத்தைச் சோதித்துச் சோதித்து, மூக்குக் குழாய் வழியாகவும் கரண்டியாலும் சொட்டுச் சொட்டாக ஆகாரம். சுமலதாவுக்கும் நர்ஸ் ஜோவிதாவுக்கும் முதல் சண்டை அதில்தான் வந்தது.

"இத்தனூண்டு கஞ்சிய எங்க காம்பராவுல பூனைக்கு வெப்போம்மா."

"பூனை பட்டினி கெடந்து வரல அக்கா" என்றாள் குன்னூர்க்காரியான ஜோவிதா. "வத்திப்போன ஒடம்புல ஒரேயடியாக் கொட்டினா ரத்தத்துல உப்பெல்லாம் தாறுமாறாயி இதயமே நின்னுரும். கொஞ்சம் கொஞ்சமாத்தான். நீங்க அந்தப் பையைத் தெறக்காதீங்க, உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும்."

பையில் சுமலதா தனக்கென்று சுட்டு எடுத்துவந்த ரொட்டி இருந்தது.

உடம்பு கொஞ்சம் தேறியது, மனசு தேறவில்லை. மாத்திரைகளும் அதை அசைக்கவில்லை. மனோகரன் குழாயைப் பிடுங்கிப் போட்டான். மறுபடி வைத்தால் மறுபடி பிடுங்கினான். ஒரு காலையில் டாக்டர் ஸ்ரீமதி எல்லாரையும் உட்கார வைத்துப் பேசினார்.

"ஏனுங்க, இவருக்கு ரெண்டு சீக்கு ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கெடக்குதுங்க. ஒண்ணு, சாப்பாட்டு மேல பயம். இன்னொண்ணு, உசுரோட இருக்கறதே பாரம்னு தோண வெக்கிற மனச்சோர்வு. அது ரொம்பக் கடுமையா இருக்குது. அதுக்கு ஈசிடி குடுக்கலாம்னு நெனைக்கறோம். தலையில வெக்கிற கரண்டு வைத்தியம்."

காத்தமுத்து எழுந்துவிட்டார். "கரண்டா? கட்டிலோட கட்டிப்போட்டு, ஒடம்பு துள்ளத் துள்ள..."

"அது சினிமாவுலங்க. இங்க மயக்கம் குடுத்துத்தான் செய்வோம். ஒடம்பு உதறாம இருக்கவும் மருந்து போட்டுருவோம். கரண்டு போறது சில நொடிதான். முழிச்சா தலைவலி இருக்கும். கொஞ்ச நாளுக்கு ஞாபகம் அங்கங்க நழுவும், முன்ன பின்ன நடந்தது சிலது திரும்ப வராமயும் போகலாம். அதையும் சொல்லிடறேன்."

"இதுல சாப்பாட்டுப் பயம் போயிருமா?" என்று கேட்டாள் சுமலதா. அவளுக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான்.

"போகாதுங்க. அத நேரா இது தொடாது. அதுக்குத் தனியாப் பேசிப் பழக்கி, மாசக்கணக்குல வேலை இருக்குது. ஆனா பேசறதுக்கு உள்ள ஒரு ஆள் வேணுமில்லீங்களா? இப்ப யாருமே இல்ல. இது அந்த ஆளக் கொண்டுவந்து விட்டா, மிச்சத்த நாம பாத்துக்கலாம்."

அதுவரைக்கும் சுவரைப் பார்த்துக் கிடந்த மனோகரன் சொன்னான்: "வையுங்க. இப்படிக் கெடக்க முடியல." டாக்டர் அவனிடம் தனியாக இன்னொரு தரம் எல்லாவற்றையும் சொல்லி, புரிந்ததா என்று கேட்டு, அவன் கையாலேயே கையெழுத்து வாங்கினார்.

காத்தமுத்து மகளை வெளியே கூப்பிட்டார். "மூணு தரம் பாப்பேன். மூணாவதுக்கு நானே வாரேன். பொடியன் அப்படியே கெடந்தா ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவேன். காப்ப அவுக்கிற முறையில அவுத்து, காமனுக்குச் செய்யவேண்டியதச் செஞ்சா சரியாயிரும். அதுக்கு மேல என்னைப் பேச வைக்காத." சொல்லிவிட்டுக் கூடலூர் பஸ் ஏறிப் போய்விட்டார். சுமலதாவுக்கு அப்பாவைத் தெரியும், சொன்னதைச் செய்கிற மனிதர். தம்பியைப் பற்றி டாக்டர் சொன்னதும் தெரியும்: இந்த நிலைமையில் வீட்டுக்குப் போனால் தாங்க மாட்டான்.

முதல் வைத்தியம் புதன்கிழமை, அடுத்தது வெள்ளி. முந்தின ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஆகாரம் எதுவும் கூடாது, விடிந்தால் தண்ணீர்கூடக் கூடாது என்பதை ஜோவிதா ஒவ்வொரு தடவையும் பாடம் மாதிரி ஒப்பிப்பாள். மயக்கத்தில் வயிற்றில் இருப்பது மேலே வந்தால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும், உயிருக்கே ஆபத்து. சுமலதா தலையாட்டுவாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் மனோகரன் ஜன்னலைப் பார்த்து, "வெளிய மூடுபனியா?" என்று கேட்டான். அவ்வளவுதான் கேட்டான். ஜோவிதா ஓடிவந்து, "அக்கா, இன்னிக்கு ஊசி போடறப்ப என் மூஞ்சியப் பாத்தாரு. மொறைச்சாரு!" என்றாள். ஏதோ பரிசு விழுந்தது போல.

திங்கட்கிழமை மூன்றாவது. அப்பா முதல் பஸ்ஸில் கிளம்பிவிட்டதாகப் போன் செய்திருந்தார். விடிந்தும் விடியாத நேரம். கம்பளியைச் சுற்றிக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள் சுமலதா.

"அக்கா."

"என்னடா?"

"பசிக்குது."

எத்தனை மாதங்களாக அந்த ஒரு சொல்லுக்காக அவள் காத்துக் கிடந்தாள்! கொடுக்கக் கூடாது என்பது அவளுக்குத் தெரியும். மறந்துவிட்டேன் என்று பிறகு யாரிடமும் அவள் சொல்லவில்லை. தெரிந்துதான் கை பைக்குள் போயிற்று. ரொட்டியைப் பிட்டுக் கொடுத்தாள். அவன் வாங்கி மென்றான், விழுங்கினான். இன்னொரு துண்டு கேட்டான். கொடுத்தாள். அவன் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். பாதி ரொட்டி போயிருந்தது.

கொஞ்ச நேரத்தில் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஜோவிதா வந்தாள். "ரெடியா? ஒண்ணும் சாப்பிடல, குடிக்கல, அப்படித்தானே?"

மனோகரன் சுவரைப் பார்த்தான்.

இல்லை, சாப்பிடவில்லை என்று சொல்லிவிட்டால் போதும், இன்றைய வைத்தியம் நடந்துவிடும். நடக்காவிட்டால் அப்பா வந்து நிற்பார், கூட்டிக்கொண்டு போய்விடுவார். பாதி ரொட்டி, அதுவும் கோழி கொத்தினமாதிரி. என்ன ஆகிவிடப்போகிறது? சுமலதாவின் நாக்கு நுனிவரைக்கும் அந்த 'இல்லை' வந்துவிட்டது. ஆனால் பிள்ளைக் காம்பராவில் பால் குடித்த குழந்தையை ஏப்பம் விடாமல் அவள் ஒருநாளும் மல்லாக்கப் படுக்க வைத்ததில்லை. கக்கி மூக்கில் ஏறினால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"சாப்பிட்டான்மா. நான்தான் குடுத்தேன்."

"அக்கா!" ஜோவிதா நாற்காலியை அப்படியே திருப்பிக்கொண்டு போனாள். பின்னாலேயே டாக்டர் ஸ்ரீமதி வந்தார்.

"நீங்க புள்ளைங்களப் பாத்துக்கறவங்கதானே? உங்களுக்குமா நான் சொல்லணும்?"

"பசிக்குதுன்னான் டாக்டர். எனக்குக் கை நிக்கல."

டாக்டர் கோபத்தை விழுங்கிக்கொண்டார். "கேட்டதும் மறைக்காம சொன்னீங்க, அந்த மட்டுக்கும் சரிங்க. இன்னிக்கு ஆகாது. புதன்கிழமை பாக்கலாம்."

அவர் அந்தப் பக்கம் போக, காத்தமுத்து இந்தப் பக்கமாக வந்தார். தோளில் பை, கையில் மடித்த கம்பளி. விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்துபோயிற்று.

"ரொட்டி தின்னானா! எம் புள்ள ரொட்டி தின்னானா! பொறகு என்னாத்துக்குக் கரண்டு? கெளம்பு, கெளம்பு. மதிய பஸ்ஸுக்குப் போயிரலாம்."

 சாப்பிட்டவனைப் போகாதே என்று சுமலதா எந்த வாயால் சொல்வாள்? காலமெல்லாம், தின்றால் பிழைத்தது என்று சொல்லிவந்தவள் அவள். அப்பா கம்பளியை விரித்தார். மனோகரன் எழுந்து உட்கார்ந்திருந்தான். காலைக் கீழே தொங்கப்போட்டு, செருப்பைக் கட்டை விரலால் துழாவிக்கொண்டிருந்தான். அத்தனை நாளில் அவன் தானாகச் செருப்பைத் தேடினது அப்போதுதான்.

அதைப் பார்த்ததும் அவளுக்குப் பொறி தட்டியது. சாயங்காலம் வாசலில் அம்மா தலை தெரிந்துவிட்டால், அதுவரைக்கும் கன்னத்தில் அடக்கி வைத்திருந்த கஞ்சியை ஒரே விழுங்காக விழுங்கிவிட்டு ஓடுகிற பிள்ளைகள் உண்டு. வயிற்றுக்காக விழுங்குவதில்லை அவை. வெளியே போவதற்காக விழுங்குகின்றன.

மிச்சமிருந்த ரொட்டியை எடுத்து நீட்டினாள். "பசிக்குதுன்னியே. மீதியையும் சாப்பிடு. இன்னிக்குத்தான் வைத்தியம் இல்லையே."

மனோகரன் கையைக் கம்பளிக்குள் இழுத்துக்கொண்டான்.

"சும்மா இரு புள்ள, போட்டு நெருக்காத" என்றார் காத்தமுத்து.

"நீங்க சும்மா இருங்கப்பா. மனோகரா, என்னைப் பாரு. பசிச்சுச்சா இல்லையா?"

"பசிச்சுச்சு" என்றான் அவன்.  "நெசமாவே பசிச்சுச்சுக்கா. நேத்தே பசிச்சுச்சு. அதான் பயம். அந்தக் கரண்டுதான் பசியக் கூட்டியாந்துச்சு. இன்னொருக்கா வெச்சா இன்னும் வரும். அப்பறம் என்னால நிறுத்த ஏலாது. தின்னுட்டா இன்னிக்கு வெக்க மாட்டாங்க. கொஞ்சம் தின்னா மொத்தமா தப்பிச்சிரலாம்." மூச்சு வாங்கினான். "நீ குடுப்பேன்னு தெரியும்."

கடைசியாகச் சொன்னதுதான் அவளைத் தைத்தது. எஸ்டேட்டே மெச்சுகிற கை. அந்தக் கைக்குள் புகுந்துதான் இந்தச் சீக்கு தப்பிக்கப் பார்த்திருக்கிறது. அழ வேண்டும் போல இருந்தது. ஆனால் வந்தது சிரிப்பு. "அட எமகாதகப் பயலே! எனக்கே யானைக் கதை சொல்றியா நீ?" என்றாள். மனோகரனின் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. சிரிக்க மறந்துபோனவன் சிரித்துப் பார்த்தமாதிரி இருந்தது.

காத்தமுத்து கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.  மகனின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நான் எத்தன வருசமா காமன் நடத்துறேன். காப்பு கட்டுறப்பவே அவுக்கிற நாளையும் சேத்துத்தான் கட்டுறது. நாள் இல்லாத காப்ப எந்தச் சாமியும் கேக்கல. இது காமன் வெச்சதுன்னு நெனச்சு ஊரெல்லாம் பெருமை பேசித் திரிஞ்சேனே... அவுக்கட்டா?"

 மனோகரன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. காத்தமுத்து முடிச்சைத் தேடினார். தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. கயிறு முடிச்சோடு அப்படியே விரல்கள் வழியாக நழுவி அவர் உள்ளங்கையில் விழுந்தது. முழங்கை வரைக்கும் ஏற்றிச் செருகி வைத்துத்தான் இத்தனை நாளும் அதை நிறுத்தி வைத்திருந்தான். அதைப் பார்த்த பிறகு மதிய பஸ்ஸைப் பற்றி அவர் பேசவில்லை. "புதன்கிழமை வரைக்கும் நானும் இங்கனயே இருக்கேன்" என்றார். "பொடியன் சரின்னா."

"சரி" என்றான் மனோகரன், சுவரிடம்.

செவ்வாய்க்கிழமை சுமலதா பையில் இருந்த ரொட்டியையெல்லாம் ஜோவிதாவிடம் கொடுத்துவிட்டாள். "தேங்கா ஜாஸ்தி போட்டிருக்கீங்க" என்று குறை சொல்லிக்கொண்டே நர்ஸ்கள் தின்று தீர்த்தார்கள்.

புதன்கிழமை விடியலில் அவன் மறுபடி கேட்டான். இந்த முறை சாதாரணமாகக் கேட்கவில்லை. முதலில் கெஞ்சினான். வயிறு எரியுதுக்கா, ஒரு வாய் தேத்தண்ணியாவது குடு என்றான். அவள் அசையாததைப் பார்த்துக் கத்தினான். "நீயெல்லாம் ஒரு அக்காவா? ஊரு புள்ளைக்கெல்லாம் அள்ளி வெக்கிற. பெத்த ஆத்தா இருந்தா இப்படிப் பாத்துக்கிட்டு இருப்பாளா?" அடுத்த கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்து சுமலதாவை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். எலும்பும் தோலுமாகக் கிடக்கிற பிள்ளை பசி என்று அழுகிறான், குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறாளே!

அவள் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே அப்பாவின் பிளாஸ்க் இருந்தது. கையை முழங்கால்களுக்கு நடுவே வைத்து அழுத்திக்கொண்டாள். பசிக்குது என்று ஒரு உயிர் சொல்லி அவள் மறுத்தது பிறந்ததிலிருந்து கிடையாது.

"தர மாட்டேன்" என்றாள்.

"தர மாட்டியா?"

"மாட்டேன். போயிட்டு வா. வந்த பொறவு கேளு."

அவள் அவ்வளவு சாந்தமாக யாரிடமும் பேசினதில்லை. மனோகரன் அவள் முகத்தையே பார்த்தான். அதில் பிடித்து ஏற ஒரு இடமும் கிடைக்கவில்லை போலிருக்கிறது. ஜோவிதா நாற்காலியோடு வந்து, "ஒண்ணும் சாப்பிடலதானே?" என்று கேட்டபோது, அவனே முந்திக்கொண்டு, "இந்த ராட்சசி குடுத்தாத்தானே" என்றான்.

"சபாஷ்" என்றாள் ஜோவிதா. யாருக்குச் சொன்னாள் என்று தெரியவில்லை.

கதவு மூடி, கொஞ்ச நேரத்தில் திறந்துவிட்டது. தன் மகனைக் கட்டிப்போட்டிருப்பார்களோ என்று எட்டிப் பார்த்த காத்தமுத்து, பிள்ளை தூங்குகிறமாதிரி கிடப்பதைக் கண்டு, "இம்புட்டுத்தானா?" என்றார். ஏமாற்றம்போலக்கூட இருந்தது அவர் குரல். விழித்ததும் மனோகரன் தலை வலிக்கிறது என்றான். இது எந்த இடம் என்று கேட்டான். அப்பாவைப் பார்த்து, நீங்க எப்ப வந்தீங்க என்றான். நேரத்துக்குக் கஞ்சி வந்தது, டாக்டர் சொன்ன அளவு. பாதி குடித்தான். பாதியில் நிறுத்திவிட்டுக் கிண்ணத்தைப் பார்த்து அழுதான். சுமலதா யானையைக் கூப்பிடவில்லை. டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி பக்கத்திலேயே சும்மா உட்கார்ந்திருந்தாள். அழுதுகொண்டே இன்னும் இரண்டு கரண்டி குடித்தான்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் ஒரே ஏற்றம் என்று சொன்னால் பொய். இன்றைக்கும் மாதம் ஒரு தடவை அக்காவும் தம்பியும் ஊட்டி பஸ் ஏறுகிறார்கள். சோற்றில் நெய் தெரிந்தால் இன்றைக்கும் அவன் கை நின்றுவிடும். அந்த வருஷத்து மழைக்காலத்தில் பாதி அவனுக்கு ஞாபகமே இல்லை, அது போனதில் அவனுக்கு வருத்தம் உண்டு. ஆனால் காலையில் எழுந்திருக்கிறான். கவ்வாத்துக் கத்தியைத் தீட்டுகிறான். பையன்களோடு வாயாடுகிறான். நான் இருந்து என்ன ஆகப்போகிறது என்று சுவரிடம் கேட்ட ஆள் போய், சுவரே இல்லாத இடத்தில் பாடுகிற ஆள் வந்திருக்கிறான். இது இப்படித்தான் போகும் என்று சுமலதாவுக்கு ஒரு நிச்சயம் உண்டு. அந்த நிச்சயம் எப்போது வந்தது என்று கேட்டால், அந்த வியாழக்கிழமையைச் சொல்வாள்.

புதன்கிழமைக்கு மறுநாள் அது. வார்டு வராந்தாவில் வெயில் விழுகிற இடமாகப் பார்த்து இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். மனோகரன் தன் வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே, "இது எப்பக்கா போச்சு?" என்று கேட்டான். திங்கட்கிழமை அவனுக்கு மொத்தமாகவே நழுவியிருந்தது.

அவள் யோசித்தாள். ரொட்டி தின்றாய் என்பதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளலாம், கேட்க நன்றாக இருக்கும். அப்படிச் சொல்லவில்லை. பசி வந்ததையும் சொன்னாள், பசியைக் கண்டு அவன் பயந்ததையும் சொன்னாள், அவளை ஏய்த்ததையும், அவள் ஏமாந்ததையும், புதன்கிழமை அவளை என்னென்ன பேர் சொல்லித் திட்டினான் என்பதையும் ஒன்று விடாமல் சொன்னாள். ராட்சசி உட்பட.

அவன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். வேறு யாரோ ஒருத்தனைப் பற்றிக் கேட்கிறமாதிரி இருந்தது அவன் முகம். அந்த வேறு ஒருத்தனை அவனுக்கு நன்றாகத் தெரியும் என்பதுபோலவும் இருந்தது.

"நாளைக்கும் வைத்தியம் இருக்குல்ல?"

"இருக்கு. வேணாம்னா இப்பவே டாக்டர்ட்ட சொல்லிரு. நீ சொன்னாத்தான் வெப்பாங்க."

"வெக்கட்டும்."  வெயில் நகர, அவனும் கூடவே நகர்ந்து உட்கார்ந்தான். "ஆனா அக்கா, காலையில நான் மறுபடி கேப்பேன். எனக்குத் தெரியும், கேப்பேன். அழுவேன், திட்டுவேன்."

"சரி."

"குடுத்துறாத."

சுமலதா மூக்கைச் சிந்தித் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். "கேளுடா" என்றாள். "நல்லா சத்தமாக் கேளு. வார்டே எந்திரிச்சுப் பாக்கட்டும். எனக்கென்ன?"